தரையில் தொடங்கும் கணக்கு

1902-இல் ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தயாராகிக்கொண்டிருந்தது. அங்கே விரித்திருந்த கம்பளத்தின் தூசியை நீக்க ஹூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளரை அழைத்தார்கள். அவர் கொண்டுவந்த எந்திரம் எந்த வாசலுக்குள்ளும் நுழையாது. குதிரை இழுத்துவந்த வண்டியின்மேல் ஒரு பெட்ரோல் எஞ்சின், அது ஓட்டும் காற்றுப் பம்பு, தூசியை வடிகட்ட ஒரு துணி. வண்டி தெருவிலேயே நிற்கும். நீண்ட குழாய்கள் மட்டும் ஜன்னல் வழியாக உள்ளே போகும்.

அதற்கு முந்தைய ஆண்டு பூத் ஓர் அமெரிக்கக் கருவியின் செயல்விளக்கத்தைப் பார்த்திருந்தார். அது காற்றை ஊதித் தூசியைக் கிளப்பியது. கிளம்பிய தூசியில் பெரும்பகுதி மறுபடி வந்து படிந்தது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து ஜான் தர்மன் 1899-இல் காப்புரிமை பெற்ற கம்பளக் கருவியும் ஊதும் வகைதான். ஊதாமல் உறிஞ்சினால் என்ன என்று பூத்துக்குத் தோன்றியது. ஓர் உணவகத்தின் மெத்தை நாற்காலியில் கைக்குட்டையை விரித்து, வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார். மூச்சு முட்டியது. கைக்குட்டையின் மறுபக்கத்தில் கறுப்பாகத் தூசி ஒட்டியிருந்தது. அந்த 1901-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை வாங்கினார்.

வீட்டுக்குள் இழுத்துச் செல்லும் சிறிய வாக்குவம் கிளீனர்கள் பரவியது அதற்குப் பிறகு. இந்தத் தொழிலில் வண்டிதான் முன்னால் வந்தது. அதற்கான காரணம் இன்றும் மாறவில்லை: கம்பளத்தை ஆழமாகச் சுத்தம் செய்யத் தேவைப்படும் ஆற்றலை வீட்டுச் சுவரில் இருக்கும் மின்செருகி தராது.

அமெரிக்காவில் இந்தத் தேவை பெரிதானதற்கு ஜார்ஜியா மாநிலத்தின் டால்டன் என்ற சிற்றூருக்கும் பங்கு உண்டு. 1890-களில் அங்கே கேதரின் இவான்ஸ் என்ற இளம்பெண், துணியில் நூலைக் குத்தியெடுத்துக் குஞ்சமாக வெட்டிவிடும் பழைய கைவேலைக்கு மறுபடி உயிர் கொடுத்துப் படுக்கை விரிப்புகள் செய்தார். அந்த வேலை ஊர் முழுக்கப் பரவியது, பிறகு எந்திரத்துக்கு மாறியது. 1950-களில் அதே முறையில் கம்பளம் செய்யத் தொடங்கியபோது, தறியில் நெய்த கம்பளம் சந்தையில் பின்தங்கிவிட்டது. விலை இறங்கியது, நைலான் இழை வந்து சேர்ந்தது, சாதாரணக் குடும்பத்து வீட்டிலும் சுவரிலிருந்து சுவர்வரை கம்பளம் படிந்தது. டால்டன் உலகின் கம்பளத் தலைநகரம் என்று பெயர் பெற்றது.

விளிம்பெல்லாம் ஆணிப்பட்டையில் மாட்டி இழுத்துப் பொருத்திய கம்பளத்தைச் சுருட்டிச் சலவைக்கு அனுப்ப முடியாது. சலவைதான் வீட்டுக்கு வர வேண்டும். 1970-களில் வேனின் பின்பகுதியில் எஞ்சின், பம்பு, சூடேற்றி, தொட்டி எல்லாவற்றையும் ஏற்றிய எந்திரங்கள் சந்தைக்கு வந்தன. தொழிலில் இவற்றை டிரக் மவுண்ட் என்கிறார்கள். செய்முறை எளிது. வெந்நீரை அழுத்தத்துடன் கம்பளத்தில் தெளிக்க வேண்டும். தெளித்த கணமே அழுக்கோடு சேர்த்து உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். 12 முதல் 18 மாதத்துக்கு ஒருமுறை தொழில்முறை ஆழச் சுத்தம் வேண்டும் என்பது அமெரிக்கக் கம்பளத் தயாரிப்பாளர் சங்கத்தின் பரிந்துரை. வாங்கிய கம்பளத்தின் உத்தரவாதம் செல்லுபடியாக இந்த வெந்நீர்ச் சுத்தத்தின் ரசீதைக் கேட்கும் தயாரிப்பாளர்களும் உண்டு.

இந்த எந்திரத்தை வாங்கப் போகிறவரிடம் விற்பனையாளர் முதலில் காட்டுவது எஞ்சினைத்தான். இத்தனை குதிரைத்திறன், இவ்வளவு வெப்பம் என்று எண்கள் வரிசையாக வரும். அந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்வது நல்லது. கம்பளத்தைத் தொடும் முனையில் தொடங்கி, குழாய் வழியாகப் பின்னோக்கி நடந்து, கடைசியாக எஞ்சினுக்கும் வேனுக்கும் வர வேண்டும். முனையில் எவ்வளவு நீர், எவ்வளவு காற்று வேண்டும் என்பது தெரிந்துவிட்டால் மற்ற எண்கள் தாமாகவே வந்து அமரும்.

கையில் பிடித்து முன்னும் பின்னும் இழுக்கும் அந்த முனைக்கு வாண்ட் என்று பெயர். வளைந்த உலோகக் குழல், அடியில் அகன்ற உறிஞ்சு வாய், அதன் பக்கத்தில் இரண்டோ மூன்றோ நான்கோ தெளிப்பு முனைகள். ஒவ்வொரு தெளிப்பு முனையிலும் ஓர் எண் பொறித்திருக்கும். 11002 என்றால் நீர் 110 டிகிரி கோணத்தில் விசிறியாக விரியும், 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிமிடத்துக்கு 0.2 அமெரிக்க கேலன் பாயும் என்று பொருள். ஆனால் கம்பளத்தின்மேல் 40 பிஎஸ்ஐயில் யாரும் வேலை செய்வதில்லை; 300 முதல் 500 வரை போகும். நீரோட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடுகிறது. அழுத்தத்தை 400-க்கு, அதாவது பத்து மடங்குக்கு, உயர்த்தினால் நீர் பத்து மடங்கு வராது, 3.16 மடங்குதான் வரும். 0.2 கேலன் 0.63 ஆகும். நம் அளவில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2.4 லிட்டர். அப்படி இரண்டு முனைகள் இருந்தால் 4.8 லிட்டர்.

இந்த 4.8 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு எஞ்சின்வரை போய்விடலாம்.

முதலில் வெப்பம். 20 டிகிரி செல்சியஸில் தோட்டத்துக் குழாயிலிருந்து வரும் நீரை 90 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்த 4.19 கிலோஜூல் தேவை. நிமிடத்துக்கு 4.8 லிட்டரை 70 டிகிரி உயர்த்தினால் 23 கிலோவாட்டுக்கு மேல் வருகிறது. அமெரிக்க வீட்டின் சாதாரணச் செருகி 120 வோல்ட், 15 ஆம்பியர், அதிகபட்சம் 1.8 கிலோவாட். வெறும் வெப்பத்துக்கே 13 செருகிகள் வேண்டும், அதுவும் தனித்தனி மின்சுற்றுகளில். வீட்டுக்குள் தூக்கிச் செல்லும் மின்சார எந்திரங்கள் எவ்வளவு நன்றாக வடிவமைக்கப்பட்டாலும் இந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்கின்றன.

இவ்வளவு வெப்பம் உண்மையிலேயே தேவையா? ஹென்கெல் நிறுவனத்தின் வேதியியலாளர் ஹெர்பெர்ட் சின்னர் 1959-இல் வகுத்த வட்டம் ஒன்று துப்புரவுத் தொழிலில் பிரபலம். ரசாயனம், வெப்பம், உராய்வு, நேரம் என்ற நான்கும் சேர்ந்து ஒரு முழு வட்டம். ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றைக் கூட்டியே அதை நிரப்ப வேண்டும். வெப்பம் போதவில்லை என்றால் சோப்பைக் கூட்ட வேண்டியிருக்கும். கூட்டிய சோப்பு கம்பளத்தில் தங்கி, பிசுபிசுத்து, புதிய அழுக்கைப் பிடித்து இழுக்கும். வெந்நீர் எண்ணெய்ப் பசையை இளக்கிவிடுவதால் குறைந்த சோப்பே போதும். கம்பளி இழைக்கு மட்டும் இது பொருந்தாது. கம்பளி வெப்பத்தையும் காரத்தையும் தாங்காது. அங்கே சூட்டைக் குறைத்து, நடுநிலையை ஒட்டிய ரசாயனத்தைக் கொண்டு, பொறுமையாக வேலை செய்ய வேண்டும். ஆகவே வெப்பத்தைக் கூட்டும் வசதியைப் போலவே குறைக்கும் வசதியும் எந்திரத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது காற்று. இந்தத் தொழிலில் கெட்ட பெயர் வாங்கித் தருவது பெரும்பாலும் ஊற்றிய நீரைத் திரும்ப எடுக்காததுதான். கம்பளம் இரண்டு நாள் ஈரமாகக் கிடந்தால் அடித்தட்டுவரை நனைந்து நாற்றம் வரும், பூஞ்சை பிடிக்கும், அடியிலிருந்த கறை ஈரத்தோடு மேலே ஏறி உலரும். எனவே தேர்வில் காற்றுக்கு முதலிடம் கொடுப்பதே சரி. அதற்கு ஏற்ற நீரை முடிவுசெய்வது அடுத்த படி.

காற்றை இழுப்பது புளோயர். அதன் வரலாறு ஒரு கம்பளி ஆலையில் தொடங்குகிறது. இந்தியானா மாநிலத்தின் கானர்ஸ்வில் ஊரில் ஆலை நடத்திய ஃபிலாண்டர், ஃபிரான்சிஸ் ரூட்ஸ் சகோதரர்கள், ஓடும் நீரிலிருந்து கூடுதல் ஆற்றல் எடுக்க ஒரு சுழலி செய்ய முயன்றார்கள். அது நீருக்குச் சரிப்படவில்லை. காற்றைத் தள்ளுவதற்கு அற்புதமாகச் சரிப்பட்டது. 1860-இல் காப்புரிமை பெற்ற அந்தக் கருவி இரும்பு உலைகளுக்குக் காற்று ஊதியது. 1870-இல் நியூயார்க்கின் பிராட்வே தெருவுக்கடியில் ஆல்ஃப்ரெட் பீச் காற்றின் விசையால் ஓட்டிக் காட்டிய சோதனை ரயிலைத் தள்ளியதும் ரூட்ஸ் புளோயர்தான். இன்று வேனுக்குள் உட்கார்ந்திருப்பது அதே வடிவமைப்பின் சிறிய உருவம்.

எட்டு என்ற எண்ணின் வடிவில் இரண்டு இரும்பு உருளிகள் எதிரெதிராகச் சுழல்கின்றன. ஒன்றையொன்று தொடுவதில்லை; இடையில் மிகச் சிறிய இடைவெளி. பல்சக்கரங்கள் இரண்டையும் நேரம் தவறாமல் பிடித்துச் சுழற்றுகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் குறிப்பிட்ட கன அளவு காற்று ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போயாக வேண்டும். சாதாரண விசிறியில் எதிர்ப்பு கூடினால் காற்றோட்டம் சட்டென்று சரிந்துவிடும். இது விடாமல் இழுக்கும். புளோயர்களை 33, 45, 47, 56 என்ற எண்களால் குறிப்பிடுகிறார்கள். முதல் இலக்கம் பல்சக்கரத்தின் விட்டம், இரண்டாவது உருளியின் நீளம், இரண்டும் அங்குலத்தில். 45 எண் புளோயர் நிமிடத்துக்கு முந்நூறு சொச்சம் கன அடி காற்றை இழுக்கும்; 47 சுமார் 400; 56 அதற்கும் மேல்.

உறிஞ்சு விசையைப் பாதரச அங்குலத்தில் அளக்கிறார்கள். கடல் மட்டத்தில் வளிமண்டலம் முழுவதும் சேர்ந்து 29.92 அங்குலப் பாதரசத்தைத் தாங்குகிறது. டிரக் மவுண்ட்கள் வழக்கமாக 12 முதல் 15 அங்குலத்தில் ஓடும். அதற்குமேல் போனால் பாதுகாப்பு வால்வு திறந்து வெளிக்காற்றை உள்ளே விடும். 400 கன அடிக் காற்றை 12 அங்குல விசைக்கு எதிராக இழுக்க, இழப்புகளைச் சேர்க்காமலே 7.7 கிலோவாட் ஆகிறது. நீரை 400 பிஎஸ்ஐக்கு அழுத்துவதற்கோ கால் கிலோவாட்கூட ஆகாது. எஞ்சினின் உழைப்பில் பெரும்பகுதி எங்கே போகிறது என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்லிவிடுகின்றன.

இந்த உறிஞ்சு விசையைக் காட்டும் மானியைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். முள் உயர்ந்தால் எந்திரம் நன்றாக இழுக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். வாண்ட் கம்பளத்தில் இல்லாமல் தரையிலிருந்து தூக்கியிருக்கும்போதும் முள் மேலேயே நிற்கிறதென்றால் பொருள் வேறு: குழாயிலோ வடிகட்டியிலோ நாய்முடியும் பஞ்சும் அடைத்திருக்கின்றன. அழுத்த வித்தியாசம் நிறைய இருக்கிறது, காற்று ஓடவில்லை. காற்று ஓடாவிட்டால் நீரும் வராது. புது எந்திரத்தைப் பொருத்திய நாளிலேயே, குழாய் திறந்திருக்கும்போது முள் எங்கே நிற்கிறது, வாண்ட் கம்பளத்தில் படியும்போது எங்கே நிற்கிறது என்று இரண்டு எண்களையும் வேனின் கதவிலேயே எழுதி வைப்பது பிற்காலத்தில் பெரிய உதவி.

புளோயருக்கும் வாண்டுக்கும் நடுவே குழாய் இருக்கிறது. இதை மறந்துவிட்டுப் பெரிய புளோயருக்குப் பணம் கொடுப்பவர்கள் ஏராளம். மெல்லிய குழல் போட்டு இளநீர் குடிப்பவர் எவ்வளவு பலமாக உறிஞ்சினாலும் குழலின் அகலம் விடுகிற அளவுதான் வாய்க்கு வரும். வேனின் குழாயில் கணக்கு இன்னும் கடுமையானது. ஒரே அளவு காற்று ஓடும்போது உராய்வால் இழக்கும் அழுத்தம் குழாய் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்குத் தலைகீழாக மாறுகிறது. 2 அங்குலக் குழாயை எடுத்துவிட்டு 1.5 அங்குலக் குழாயைப் போட்டால் இழப்பு 4.2 மடங்கு. 2-க்குப் பதில் 2.5 அங்குலம் போட்டால் இழப்பு மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

எண்ணாகவே பார்க்கலாம். 2 அங்குலக் குழாயில் நிமிடத்துக்கு 300 கன அடி காற்று ஓடினால் அதன் வேகம் நொடிக்கு 70 மீட்டர், அதாவது மணிக்கு 250 கிலோமீட்டர். அந்த வேகத்தில் 30 மீட்டர் நீளத்தைக் கடப்பதற்குள் ஏறத்தாழ 10 பாதரச அங்குலம் உராய்விலேயே கரைந்துவிடும். எந்திரம் தரும் 12-இல் முனைக்கு மிஞ்சுவது இரண்டு. நடைமுறையில் காற்றோட்டம் அவ்வளவு தூரம் போகாமல் குறைந்து, வேறொரு சமநிலையில் நிற்கும். 56 புளோயரை வாங்கி ஒரே ஒரு 2 அங்குலக் குழாயில் 45 மீட்டர் நீட்டுகிறவர், கொடுத்த பணத்தில் பாதிக்கு மேல் குழாயின் சுவரைச் சூடாக்கத்தான் செலவிடுகிறார். அந்தப் புளோயர் இரண்டு பேர் இரண்டு வாண்ட் பிடித்து வேலை செய்யும் அலுவலகக் கட்டடங்களுக்குப் பொருத்தமானது. தனியாளாக வீடுகளுக்குப் போகிறவருக்கு 45 அல்லது 47 போதும். மிச்சப் பணத்தில் முதல் பாதித் தூரத்துக்கு 2.5 அங்குலக் குழாய், கடைசிப் பாதிக்கு மட்டும் தூக்க எளிதான 2 அங்குலக் குழாய் என்று வாங்கினால் முனையில் வித்தியாசம் தெரியும். தேவைக்கு மேல் ஒரு துண்டுக் குழாயைக்கூட இணைக்காமலிருப்பது செலவே இல்லாத மேம்பாடு.

இப்போது எஞ்சினுக்கு வந்துவிட்டோம். டிரக் மவுண்டின் அழகு இங்கேதான் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் கால்பங்கைத்தான் சுழற்சியாக மாற்றுகிறது. மிச்சம் புகைக்குழாய் வழியாகவும் எஞ்சினின் உடல் வழியாகவும் வெப்பமாக வெளியேறுகிறது. புளோயருக்கும் பம்புக்கும் சேர்த்து 12 கிலோவாட் தரும் எஞ்சின் கூடவே சுமார் 36 கிலோவாட் வெப்பத்தைக் காற்றில் கொட்டுகிறது. காரில் இது நட்டம். கம்பள வேனில் இதுவே வெந்நீர். புகைக்குழாயைச் சுற்றியும், எஞ்சினைக் குளிரூட்டும் திரவத்தின் பாதையிலும், புளோயர் வெளியேற்றும் நூறு டிகிரிக்கு மேலான காற்றின் வழியிலும் வெப்பமாற்றிகளை வைத்து, செம்பு அல்லது எஃகுக் குழல்களில் நீரை ஓடவிடுகிறார்கள். தேவைப்படும் 23 கிலோவாட் தனியாக ஒரு சொட்டு எரிபொருள் செலவில்லாமல் கிடைத்துவிடுகிறது. எஞ்சின் எப்படியும் மணிக்கு ஐந்து லிட்டரையொட்டிய பெட்ரோலைக் குடித்தாக வேண்டும். அதில் வீணாகப் போவதைப் பிடித்துக்கொள்ளும் இந்த யோசனை பொறியியலின் நல்ல பிடிவாதங்களில் ஒன்று.

ஒரு சிக்கல் உண்டு. வாண்டைப் பிடித்திருப்பவர் சோபாவை நகர்த்துவதற்காக ஐந்து நிமிடம் நிறுத்தினாலும் எஞ்சின் வெப்பத்தைத் தந்துகொண்டேதான் இருக்கும். வெப்பமாற்றியில் தேங்கும் நீர் கொதித்துவிடாமலிருக்க, குறித்த அளவைத் தாண்டியதும் ஒரு வால்வு திறந்து சூடான நீரைக் கழிவுத் தொட்டிக்குத் தள்ளிவிடும். அடிக்கடி நின்று வேலை செய்யும் இடங்களில் இதனாலேயே தொட்டி சீக்கிரம் நிரம்பும். மெத்தை நாற்காலி போன்ற சிறிய வேலைகளை அதிகம் செய்பவர், வெப்பத்தை வேறு பாதைக்குத் திருப்பும் அமைப்புள்ள எந்திரத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

எந்திரம் இரண்டு குடும்பங்களாகப் பிரிகிறது. ஸ்லைட்-இன் வகையில் தனி எஞ்சின் இருக்கும். கோஹ்லர், பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் போன்ற நிறுவனங்களின் இரட்டை சிலிண்டர், காற்றால் குளிரும் எஞ்சின்கள் சிறிய எந்திரங்களில் வரும். பெரியவற்றில் குபோட்டா போன்ற திரவத்தால் குளிரும் எஞ்சின்கள். முழுத் தொகுதியையும் வேனின் பின்கதவு வழியாக உள்ளே தள்ளிப் பொருத்திவிடலாம்; வேன் பழசானால் கழற்றி அடுத்த வேனில் ஏற்றலாம். டைரக்ட் டிரைவ் வகையில் வேனின் சொந்த எஞ்சினே எல்லாவற்றையும் ஓட்டும்; பட்லர் நிறுவனத்தின் எந்திரங்கள் இதற்குப் பெயர் பெற்றவை. சத்தம் குறைவு, உள்ளே இடம் அதிகம், பராமரிக்க ஒரே எஞ்சின். ஆனால் வேன் பட்டறைக்குப் போனால் தொழிலும் அதோடு பட்டறைக்குப் போய்விடும். ஒரே வண்டியை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவருக்கு ஸ்லைட்-இன் பாதுகாப்பான தேர்வு. இரண்டு மூன்று வண்டி வைத்திருப்பவர் டைரக்ட் டிரைவின் வசதியைத் தாராளமாக யோசிக்கலாம்.

வேனைத் தேர்ந்தெடுக்கும்போது நீளத்தையும் உயரத்தையும் பார்ப்பவர்கள் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சிறிய சீட்டைப் படிப்பதில்லை. வண்டியும் சுமையும் சேர்ந்து அதிகபட்சம் எவ்வளவு எடை இருக்கலாம், ஒவ்வோர் அச்சும் எவ்வளவு தாங்கும் என்பது அதில்தான் அச்சிட்டிருக்கிறது. 100 கேலன் கழிவுத் தொட்டி நிரம்பினால் நீர் மட்டுமே 378 கிலோ. அதோடு எந்திரம், நல்ல நீர்த் தொட்டி, சுருட்டிய குழாய்கள், ரசாயன டப்பாக்கள், ஓட்டுநர், உதவியாளர். சொந்த நீரைக் கொண்டுபோகிறவரின் வண்டியில் வேலை நடக்க நடக்க எடை ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாறும், மொத்தம் அதிகம் மாறாது. வாடிக்கையாளர் வீட்டுக் குழாயில் நீர் பிடிப்பவரோ வந்ததைவிடப் பாரமான வண்டியோடு திரும்பிப் போகிறார். தொட்டிகளைப் பின் அச்சுக்கு முன்னால் வைப்பதும், உள்ளே தடுப்புத் தகடு உள்ள தொட்டியாகப் பார்த்து வாங்குவதும் இதற்காகத்தான். பாதி நிரம்பிய தொட்டியின் நீர் வளைவிலும் பிரேக்கிலும் ஒரு பக்கமாகப் பாய்ந்து வண்டியைத் தள்ளும்.

பொருத்தும் வேலையில் சமரசம் செய்யக்கூடாத இடம் தரையில் போடும் போல்ட். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வேன் எதிலாவது மோதி அரை மீட்டர் தூரத்துக்குள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். வேகக் குறைப்பு புவியீர்ப்பின் 20 மடங்கு. 500 கிலோ எடையுள்ள எந்திரம் அந்த நொடியில் 10 டன் விசையோடு ஓட்டுநரின் முதுகை நோக்கிப் பாயும். வேனின் தரைத்தகடு மெல்லியது. வெறும் வாஷர் போட்ட போல்ட் அதைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அடியில் கனமான எஃகுப் பட்டைகளைக் கொடுத்து, முடிந்த இடத்தில் வண்டியின் சட்டத்தோடு சேர்த்து இறுக்க வேண்டும். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உலோகத் தடுப்புச் சுவரும் வேண்டும். துளை போடுவதற்கு முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பது கட்டாயம். பெட்ரோல் தொட்டியும் பிரேக் குழாயும் மின்கம்பிகளும் அந்தத் தரைக்குக் கீழேதான் ஓடுகின்றன.

எரிபொருளை வேனின் சொந்தத் தொட்டியிலிருந்தே எடுப்பது முறை. பெட்ரோல் கேனை உள்ளே வைத்து எஞ்சினுக்குப் பக்கத்தில் ஊற்றுவது உயிரோடு விளையாடுவது. அதே கவலை புகையிலும் உண்டு. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எட்டு மணி நேர வேலைக்கு அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு காற்றில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு மட்டுமே. ஓடும் ஸ்லைட்-இன் எஞ்சினின் புகைக்குழாய் வேனுக்கு வெளியே முடிய வேண்டும்; வேனின் கதவுகள் திறந்திருக்க வேண்டும்; வண்டியை நிறுத்தும்போது புகை வீட்டின் ஜன்னலையோ குளிர்சாதனத்தின் காற்று வாயையோ பார்த்து வீசக்கூடாது. வீட்டோடு ஒட்டிய கார் கொட்டகைக்குள் வைத்து இதை ஓட்டவே கூடாது. வேனுக்குள் ஒரு எச்சரிக்கைமணி மாட்டுவதற்கு ஆகும் செலவு சொற்பம்தான்.

ஊர் மாறினால் கணக்கும் மாறும். டென்வர் நகரம் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வளிமண்டலமே 25 பாதரச அங்குலத்துக்குக் கீழ்; எஞ்சின் தன் திறனில் ஆறில் ஒரு பங்கை இழக்கும்; நீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். கடற்கரை ஊரில் 13 அங்குலத்துக்கு வைத்த பாதுகாப்பு வால்வை அங்கே தளர்த்தி வைக்காவிட்டால் புளோயர் அளவுமீறிச் சூடேறும். மின்னசோட்டாவிலும் கனடாவிலும் பிரச்சினை வேறு. உறையும் நீர் கன அளவில் 9 சதவீதம் விரிகிறது. வெப்பமாற்றியின் செம்புக் குழல் ஒரே இரவில் பிளந்துவிடும். மாலையில் உறைதடுப்புத் திரவத்தை எல்லாக் குழல்களிலும் ஓட்டி நிரப்புவதோ, வேனைச் சூடான கொட்டகையில் நிறுத்துவதோ அங்கே அன்றாடக் கடமை. அரிசோனா போன்ற கடின நீர்ப் பகுதிகளில் சுண்ணாம்பு எதிரி. கால்சியம் கார்பனேட் பெரும்பாலான உப்புகளைப் போலன்றிச் சூட்டில் குறைவாகவே கரைகிறது. அதனால் நீர் மிகச் சூடாகும் இடத்தில், அதாவது வெப்பமாற்றியில்தான், போய்ப் படிகிறது. வேனுக்குள் ஒரு மென்னீராக்கியைப் பொருத்திவிட்டால் பம்பின் வால்வுகளும் சோப்பின் செலவும் சேர்ந்தே பிழைக்கும்.

புளோயரைக் கொல்வது நுரை. பழைய சோப்பு தங்கிய கம்பளத்தில் கழிவுத் தொட்டி நுரைத்துப் பொங்கும். மட்டத்தைப் பார்த்து எஞ்சினை நிறுத்தும் மிதவை விசை நீரைத்தான் உணரும். லேசான நுரை அதைத் தாண்டி உருளிகளுக்குள் போய்விடும். நுரை தெரிந்தவுடன் நுரையடக்கியைக் குழாய் வழியாக உறிஞ்சவிடுவதே வழி. வேலை முடிந்தபின் குழாய்களைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் காற்றை மட்டும் இழுக்கவிட்டு, உருளிகளின் ஈரத்தை உலர்த்தி, நிறுத்தும் தறுவாயில் எண்ணெய் தெளிக்க வேண்டும். தவறினால் அந்த நுண்ணிய இடைவெளியில் துரு வளர்ந்து, மறுநாள் காலையில் புளோயர் சுற்ற மறுக்கும்.

கடைசியாகத் தொட்டியில் சேர்ந்த கறுப்பு நீர். தெருவோர மழைநீர் வடிகாலில் திறந்துவிடுவதுதான் எளிது, அதுதான் குற்றமும். அந்த வடிகால் சுத்திகரிப்பு எதுவுமில்லாமல் ஆற்றுக்குப் போகும் வழி; அதில் இதை விடுவது அமெரிக்காவின் 1972-ஆம் ஆண்டுத் தூய நீர்ச் சட்டத்துக்கு எதிரானது. வீட்டுக் கழிவறை வழியாகவோ நகராட்சி அனுமதித்த இடத்திலோ, பாதாளச் சாக்கடைக்குத்தான் அதை விட வேண்டும். முடியும் பஞ்சும் முன்பே வடிகட்டப்பட்டிருக்க வேண்டும். ஆகவே தொட்டியை இறுக்குவதற்கு முன்பே வடிகால் வால்வு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. பின்கதவுக்கு அருகே, இடுப்புக்குக் கீழான உயரத்தில் இருந்தால் குழாய் மாட்ட எளிது. தானாக வெளியேற்றும் பம்பும் சேர்ந்திருந்தால், உள்ளே வாண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெல்லிய குழாய் ஒன்றின் வழியாகத் தொட்டி காலியாகிக்கொண்டிருக்கும். பெரிய வீடுகளில் வேலையைப் பாதியில் நிறுத்தவேண்டி வராது, திரும்பும் வழியில் 378 கிலோவைச் சுமக்கவும் வேண்டாம்.